பனி விழும் ஊரில் கான்கிரீட் தளம்: தண்ணீருக்கு வழி விட்டுப் போடுவது எப்படி

வீட்டுக்குப் பின்னால் உட்காருவதற்கு ஒரு கான்கிரீட் தளம் போட வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கனம் எத்தனை அங்குலம், கம்பி எத்தனை மில்லி என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. பலத்த மழை பெய்தால் அந்த இடத்தில் விழும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? இதற்குப் பதில் தெரியாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இருக்கிறது. பழுதான தளங்களை உடைத்து அள்ளும் வேலையை நிறையச் செய்திருக்கிறேன். உடைத்த துண்டைப் புரட்டினால் அடியில் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ஜல்லி இல்லாத ஈர மண், கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டிய கம்பி அந்த மண்ணோடு ஒட்டித் துருப்பிடித்துக் கிடக்கும். மேல் பரப்போ செதில் செதிலாக உரிந்திருக்கும். வீட்டுக்காரர் "இந்த ஊர்க் குளிர் அப்படி" என்பார். வெறும் குளிர் கான்கிரீட்டை ஒன்றும் செய்யாது. உள்ளேயும் அடியிலும் தேங்கிய தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது; அந்தப் பெருக்கத்துக்கு இடம் இல்லாதபோதுதான் கான்கிரீட் விட்டுக்கொடுக்கிறது. ஒரே குளிர்காலத்தில் உறைவதும் உருகுவதும் பல தடவை நடக்கும். அதனால் கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் தளத்துக்கு அடியில், உள்ளே, மேலே என்று மூன்று இடத்திலும் தண்ணீரைத் தங்க விடாமல் செய்வதற்காகத்தான்.

இடமும் வாட்டமும்

தோண்டுவதற்கு முன்னால் மின்கம்பி, எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய் அந்த இடத்தில் புதைந்திருக்கிறதா என்று உரியவர்களைக் கூப்பிட்டுக் குறியிடச் சொல்லுங்கள். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாய் தளத்தைப் பார்த்து இருந்தால் அதை இப்போதே திருப்பி விடுங்கள். குளிர்காலத்தில் பகலில் கூரைப் பனி உருகி அந்தக் குழாய் வழியாக இறங்கும், இரவில் தளத்தின் மேலேயே உறையும். நான் பார்த்த செதில்களில் பல இந்தக் குழாயின் வாய்க்கு நேர் எதிரே இருந்தவை.

வாட்டம், வீட்டை விட்டு வெளியே போகும் திசையில், அடிக்கு கால் அங்குலம். மெட்ரிக்கில் 2 சதவீதம். 4 மீட்டர் நீளத்துக்கு 8 சென்டிமீட்டர் இறக்கம். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இந்தச் சரிவு தெரியாது. சிலர் மட்டமாக இருந்தால்தான் அழகு என்று பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பரப்பில் சின்னப் பள்ளம் இருந்தாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு வாட்டம் வேண்டும்.

தளத்தின் மேல்மட்டம் கதவின் வாசற்படிக்கு நாலு அங்குலமாவது கீழே இருக்கட்டும், பனி குவிந்தாலும் கதவுக்குள் வராது. சுற்றியுள்ள தரையை விட ஓர் அங்குலமாவது உயரமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டு முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலைமட்டம் சரிபார்க்க 3-4-5 கணக்கு போதும்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். கடைசியில் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளந்து சமமா என்று பாருங்கள்.

அடித்தளம்: வேலையின் பாதி இங்கேதான்

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் நிற்பேன், ஏனென்றால் முடிந்த பிறகு யார் கண்ணிலும் படாத வேலை இதுதான். அதனாலேயே இதில்தான் எல்லோரும் கை குறைப்பார்கள்.

குளிரில் மண் மேலே எழும்புவதற்கு மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும்: உறைநிலைக்குக் கீழே போகும் குளிர், தண்ணீர், தண்ணீரை மேலே இழுக்கும் மண். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் எழும்பாது. குளிரை நம்மால் எடுக்க முடியாது, மீதி இரண்டை முடியும். இந்த விஷயத்தில் மிக மோசமானது மாவு போன்ற வண்டல் மண். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது கீழே உள்ள ஈரத்தை உறையும் இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே பனிக்கட்டி தகடு தகடாக வளரும். அந்தத் தகடுகள்தான் தளத்தைத் தூக்குகின்றன. ஏற்கனவே மண்ணில் இருந்த ஈரம் மட்டும் உறைந்தால் இவ்வளவு எழுச்சி வராது. களிமண்ணும் இழுக்கும், ஆனால் மெதுவாக. பெரிய துளைகள் உள்ள சுத்தமான ஜல்லியால் இழுக்கவே முடியாது. ஆகவே மண்ணை எடுத்து ஜல்லி போடுகிறோம்.

வேர், புல், கறுப்பு மேல்மண் எல்லாவற்றையும் முழுக்க எடுங்கள். எவ்வளவு ஆழம்? தளத்துக்கு 4 அங்குலம், ஜல்லிக்கு 6 அங்குலம், தரைக்கு மேலே நிற்கும் ஓர் அங்குலத்தைக் கழித்தால் 9 அங்குலம். மணல் கலந்த மண்ணுக்கு இது போதும். வண்டலோ களிமண்ணோ என்றால் ஜல்லியை மட்டும் 8 முதல் 12 அங்குலம் வரை கொண்டுபோங்கள். தோண்டிய குழியின் அடிமட்டத்துக்கும் மேலே சொன்ன அதே வாட்டம் இருக்கட்டும். அடி மட்டமாக இருந்தால் ஜல்லி வழியாக இறங்கும் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும், நாம் போட்ட ஜல்லியால் ஒரு பலனும் இல்லை. களிமண்ணாக இருந்தால் தாழ்ந்த ஓரத்தில் துளைக்குழாய் (தண்ணீர் உள்ளே இறங்க உடம்பில் துளை போட்ட வடிகால் குழாய்) ஒன்றைப் பதித்து, தோட்டத்தின் இன்னும் தாழ்வான இடத்துக்கு வெளியே எடுத்து விடுங்கள். தளத்துக்காக உறைபனி இறங்கும் ஆழம் முழுவதும் தோண்ட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஆனால் தளத்தின் மேல் கூரைக்கோ பந்தலுக்கோ தூண் வருவதாக இருந்தால், அந்தத் தூணுக்கு உறைபனி ஆழத்துக்குக் கீழே போகும் தனி அஸ்திவாரம் கட்டாயம் வேண்டும். தூணைத் தளத்தின் மேல் நிறுத்தாதீர்கள்.

மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி, விரிப்பது நல்லது. அது இல்லாவிட்டால் சில வருடங்களில் வண்டல் மேலே ஏறி ஜல்லியின் துளைகளை அடைத்துவிடும். ஜல்லி, உடைத்த கல்லாக, அதிகம் பொடி இல்லாததாக இருக்க வேண்டும். உருண்டையான கூழாங்கல் வேண்டாம், அது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. 4 அங்குலத்துக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்டாதீர்கள்; ஒவ்வோர் அடுக்கையும் பிளேட் காம்பாக்டரை (அதிர்ந்து இறுக்கும் தட்டு இயந்திரம்) வாடகைக்கு எடுத்துத் திமிசு போடுங்கள். போதுமா என்று பார்க்க, பூட்ஸ் குதிகாலை ஊன்றித் திருப்பிப் பாருங்கள். ஜல்லி நகர்ந்தால் இன்னும் இரண்டு சுற்று ஓட்டுங்கள்.

பலகை, ஓர இடைவெளி, கம்பி

ஓரப் பலகை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் அளவை நம்பாமல் டேப் வைத்து அளந்து பாருங்கள். 4 அங்குலம் என்று விற்கும் பலகை இழைத்த பிறகு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அதை வைத்துப் போட்டால் தளம் எட்டில் ஒரு பங்கு மெலிந்துவிடும். அகலமான பலகையை எடுத்து ஜல்லிக்குள் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இரண்டரை அடிக்கு ஒரு முளை அடியுங்கள். ஈரக் கான்கிரீட் பலகையைத் தள்ளும் வேகம் முதல் தடவை செய்கிறவர்களுக்குத் தெரியாது.

வீட்டுச் சுவரைத் தொடும் ஓரம் முழுக்க அரை அங்குலக் கனத்தில் ஃபோம் பட்டையோ நார்ப்பலகையோ, தளத்தின் முழு ஆழத்துக்கும் நிறுத்துங்கள். தூண், படிக்கட்டு எது தளத்தைத் தொட்டாலும் அதைச் சுற்றியும் இப்படியே. வீட்டின் அஸ்திவாரம் உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கிறது, அசையாது. நம் தளம் தரையோடு சேர்ந்து மில்லிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். இரண்டையும் கம்பி போட்டு இணைத்தால் வீட்டோரத்தில் தளம் விரியும், சில சமயம் சுவரும் சேர்ந்து விரியும்.

கம்பி 10 மில்லி, இரண்டு திசையிலும் ஒன்றரை அடிக்கு ஒன்று, கட்டுக்கம்பியால் கட்டி, கவர் பிளாக் (கம்பியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) மேல் நடுக்கனத்தில் உட்கார வைக்க வேண்டும். கம்பி விரிசலைத் தடுக்காது. வந்த விரிசல் அகலாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். தரையில் வலையைப் போட்டுவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கி விடுகிறோம் என்பார்கள். தூக்கிய இடத்தை அடுத்த நிமிடமே யாராவது மிதிப்பார்கள். நான் உடைத்துப் பார்த்த இடங்களில் கம்பி அடியில் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

கலவை: காற்று உள்ள கான்கிரீட் கேளுங்கள்

பனி ஊர்களுக்கென்று உள்ள முக்கியமான விஷயம் இது. கலவையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காற்றுக் குமிழிகள் இருக்க வேண்டும், மொத்தக் கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை. உறையும் தண்ணீர் பெருக்கும்போது பக்கத்தில் உள்ள வெற்றுக் குமிழிக்குள் ஒதுங்கிக்கொள்ளும், கான்கிரீட் பிழைக்கும். இதைக் கண்டுபிடித்தது சாலைகளைப் பார்த்துத்தான். 1930களில் அமெரிக்காவில், அரைக்கும்போது மாட்டுக் கொழுப்பு சேர்த்த சிமென்ட்டால் போட்ட சாலைப் பகுதிகள் பனியையும் உப்பையும் மற்றவற்றை விட நன்றாகத் தாங்கி நின்றன. கொழுப்பு நுரைத்துக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. இன்று அதற்கென்றே மருந்து இருக்கிறது, ரெடிமிக்ஸ் ஆலையில் கலந்து தருவார்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: வலிமை 32 மெகாபாஸ்கல், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 4,500 பவுண்டு (பிஎஸ்ஐ), தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது. காற்று 5 முதல் 8 சதவீதம். ஸ்லம்ப், அதாவது கூம்பு அச்சை எடுத்ததும் ஈரக் கலவை சரியும் அளவு, 4 அங்குலம். லாரி வந்ததும் சீட்டை வாங்கிப் படியுங்கள். சின்ன இடம், பைக் கலவையே போதும் என்றால் காற்று சேர்த்தது என்று பையில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். சாதாரணப் பையில் அது இருக்காது.

அளவு: நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கி, பத்து சதவீதம் கூட்டுங்கள். 5 மீட்டருக்கு 4 மீட்டர், 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 2 கனமீட்டர், 2.2 சொல்லுங்கள். ஒரு கனமீட்டர் சுமார் 2.4 டன் எடை, ஆக ஐந்து டன்னுக்கு மேல் நகர்த்தப் போகிறீர்கள். தள்ளுவண்டி ஓட்ட ஆள் தனி, மட்டம் இழுக்க இருவர் தனி என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கலவை கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா என்று ஓட்டுநர் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட ஊற்றும் தண்ணீர் பிறகு வற்றிப்போய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். அடுத்த குளிர்காலத்தில் பனித்தண்ணீர் நுழைவது அந்தத் துளைகள் வழியாகத்தான். வேலை எளிதாக வேண்டுமென்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்தைச் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

போடும் நாள்

வசந்தம் நன்றாக நிலைத்த பிறகிலிருந்து இலையுதிர்காலத் தொடக்கம் வரை போடலாம். முதல் உறைபனிக்கு இரண்டு மாதமாவது இடைவெளி இருக்கட்டும். உறைந்த தரை மேல் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். அது உருகும்போது தளம் இறங்கும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டாம்.

ஜல்லியை லேசாக நனைத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, வீட்டோரத்திலிருந்து தொடங்கிக் கொட்டி வாருங்கள். ஓரங்களில் மண்வெட்டியை இறக்கி ஏற்றி இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். வைப்ரேட்டரை நீண்ட நேரம் வைத்தால் நாம் காசு கொடுத்து வாங்கிய குமிழிகள் வெளியேறிவிடும். பலகைகளின் மேல் மட்டக்கட்டையை வைத்து இரண்டு பேர் அறுப்பது போல அசைத்து இழுங்கள், உடனே நீண்ட கைப்பிடி மட்டப்பலகையை ஒரு சுற்று ஓட்டுங்கள். அப்புறம் கையை எடுத்துவிடுங்கள்.

இந்தக் காத்திருப்பு கடினமானது. பரப்புக்குத் தண்ணீர் கசிந்து வந்து மினுமினுக்கும். அது தானாக வற்றும் வரை எந்தக் கருவியும் மேலே படக் கூடாது. அந்தத் தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்தால் மேல் தோல் மட்டும் பலவீனமாகி முதல் குளிர்காலத்திலேயே உரியும். காற்று சேர்த்த கலவையில் கசிவு குறைவு, பரப்பு சீக்கிரம் காய்ந்தது போலத் தெரியும், ஏமாற வேண்டாம். ஏறி நின்றால் கால் தடம் கால் அங்குலத்துக்கு மேல் பதியாத நிலை வந்ததும் தொடங்குங்கள்.

சூடான ஊர்களில் கொத்து வேலை பழகியவர்களுக்கு இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சிமென்ட் பொடி தூவுவதும், சிமென்ட் பால் ஊற்றுவதும், இரும்புக் கரண்டியால் பளபளவென்று இழைப்பதும் அங்கே நல்ல வேலைக்கு அடையாளம். பனியில் அதுவே தளத்தைக் கெடுக்கும். இரும்பு இழைப்பு மேல்பரப்புக் குமிழிகளைப் பிழிந்து எடுத்து, அடியில் ஏறிவரும் காற்றையும் நீரையும் மூடிச் சிறைவைக்கும். மரம் அல்லது மெக்னீசியம் மட்டக்கட்டையால் ஒரு தடவை தேய்த்து, ஓரங்களை உருட்டி, துடைப்பத்தால் வாட்டத்தின் திசையில் இழுத்துவிடுங்கள். கோடுகள் வழியே தண்ணீர் இறங்கும், பனிக்காலத்தில் காலும் வழுக்காது.

ஈரச் சிமென்ட் தோலை எரிக்கும் காரம். ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். உடையில் ஊறிவிட்டால் உடனே கழற்றிக் கழுவுங்கள்.

கான்கிரீட் சுருங்கும், சுருங்கினால் விரியும். எங்கே விரிய வேண்டும் என்பதை நாம் சொல்லி வைக்கலாம். 4 அங்குலத் தளத்துக்கு 8 அடிக்கு ஒரு வெட்டுக்கோடு, ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது ஓர் அங்குலம். கட்டங்கள் சதுரத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். மேலே சொன்ன 5க்கு 4 மீட்டர் தளத்தில் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொரு கோடு போட்டால் நான்கு கட்டம், சரியாக வரும். வீட்டின் மூலை தளத்துக்குள் துருத்திக்கொண்டு வந்தால் ஒரு கோடு அந்த மூலையிலிருந்து தொடங்கியே ஆக வேண்டும். ரம்பத்தால் வெட்டுவதாக இருந்தால், ஓரம் பெயராத அளவுக்கு இறுகியதும் வெட்டுங்கள். வெயில் நாளில் அன்று மாலைக்குள், குளிர்ந்த நாளில் மறுநாள் காலைக்குள். அதற்கு மேல் தள்ளினால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளும்.

நீராட்டலும் உலர்த்தலும்

ஏழு நாள் ஈரம் காயக் கூடாது. ஈரச்சாக்கு விரித்து மேலே பிளாஸ்டிக் மூடுங்கள், அல்லது ஈரம் வெளியேறாமல் படலம் கட்டும் கியூரிங் மருந்தைத் தெளித்துவிடுங்கள். இரவில் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் வெப்பக்காப்புப் போர்வை போடுங்கள். இளம் கான்கிரீட் 3.5 மெகாபாஸ்கல் வலிமையை எட்டுவதற்குள் ஒரு தடவை உறைந்தாலும் போதும், பிறகு எவ்வளவு நாள் காத்திருந்தாலும் முழு வலிமை திரும்பாது. மேலே கூடாரம் கட்டிப் புகைபோக்கி இல்லாத அடுப்பை எரிப்பவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் கரியமில வாயு இன்னும் இறுகாத பரப்போடு வினை புரிந்து மேல் தோலை மாவாக்கிவிடும். உள்ளே இருக்கும் ஆளுக்கும் ஆபத்து.

ஏழு நாளுக்குப் பிறகு மூடியதை எடுத்துவிட்டு ஒரு மாதம் காற்றாட விடுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீராட்டியதில் துளைகளெல்லாம் நிறைந்திருக்கும். அந்த ஈரம் வற்றாமல் குளிர்காலத்துக்குள் போனால் நல்ல கலவையும் திணறும்.

28 நாள் கழிந்து, தளம் நன்றாக உலர்ந்ததும் சைலேன் அல்லது சைலாக்சேன் வகை ஊடுருவும் சீலர் அடியுங்கள். அது துளைகளின் சுவரில் ஒட்டித் தண்ணீரை விலக்கும், ஆவியை வெளியே விடும். மேலே பளபளப்பான படலமாக நிற்கும் வகையைத் தவிர்க்கச் சொல்வேன்; அடியிலிருந்து வரும் ஈரம் அதற்குக் கீழே மாட்டிக்கொள்ளும், பனியில் வழுக்கவும் செய்யும். சில வருடத்துக்கு ஒருமுறை தளத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நிற்காமல் ஊறினால் மறுபடி அடிக்கும் காலம் வந்துவிட்டது.

முதல் குளிர்காலத்தில் உப்பே போடாதீர்கள். வழுக்கினால் மணல் தூவுங்கள். பிறகும் உப்பை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் உப்பு பனியை உருக்கிக் கான்கிரீட்டுக்குள் இறக்குகிறது, அது மறுபடி உறைகிறது. அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் கலந்த எதையும் தளத்தின் மேல் விடவே கூடாது, அவை சிமென்ட்டையே அரிக்கும். புல்வெளிக்கு உரம் தூவும்போது தளத்தில் சிதறினால் அன்றே பெருக்கி எடுங்கள். பனியை ஒதுக்க பிளாஸ்டிக் அல்லது ரப்பர் விளிம்புள்ள மண்வாரி போதும். ஒதுக்கிய பனியைத் தாழ்ந்த ஓரத்துக்கு அப்பால், தரையில் குவியுங்கள். வீட்டோரம் குவித்தால் உருகும் தண்ணீர் முழுவதும் தளத்தின் மேல் ஓடித்தான் போக வேண்டும்.

வசந்தத்தில் பனி போனதும் ஒரு சுற்று வாருங்கள். வீட்டோர இடைவெளியின் மேல்வாயை அடைக்கும் சீலன்ட் (ரப்பர் போல இறுகும் பசை) பிய்ந்திருந்தால் கீறி எடுத்து, ஃபோம் கயிறு திணித்துப் புதிதாக நிரப்புங்கள். ஒரு மூலை மட்டும் எழும்பி நின்றால் கான்கிரீட்டில் கை வைக்காதீர்கள். அந்த மூலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: திரும்பிக்கொண்ட மழைநீர்க் குழாய், ஓரத்தில் யாரோ உயர்த்திக் குவித்த பூச்செடி மண், அடைத்துக்கொண்ட துளைக்குழாய், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, மண் முழுக்க உருகி வடியும் வரை பொறுத்திருந்து, அப்புறம் மட்டம் பிடித்துப் பாருங்கள். பல சமயம் மூலை தானாக இறங்கி உட்கார்ந்துவிடும்.